வேருக்குள் கூட்டாளி

ஏழாம் அத்தியாயம்: கந்தப்பன் ஒரு கோட்டுப் பைக்குப் பயந்தது

பசறையைத் தாண்டி லொறி மலையேறத் தொடங்கியதும் கந்தப்பன் தன் முதலாளியிடமிருந்து இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். இதற்கு மேல் நகர்ந்தால் லொறியிலிருந்து விழ வேண்டியதுதான். விழுந்தாலும் பரவாயில்லை என்றே அவனுக்குத் தோன்றியது. கீழே பள்ளத்தில் இருப்பது வெறும் பாறை. முதலாளியின் கோட்டுப் பையில் இருப்பது வேறு சமாச்சாரம்.

"ஏன்டா, என்மேல நாத்தம் அடிக்குதா?" என்றார் ராமாமிர்தம்.

"நீங்க மணக்கத்தான் செய்றீங்க மொதலாளி. ஒங்க பைதான் சரியில்ல."

ராமாமிர்தம் பதுளைக் கடைவீதியில் மூக்குக் கண்ணாடியும் கடிகாரமும் விற்பவர். கடை சோறு போட்டது. பிறர் மறைத்து வைத்ததைக் கண்டுபிடிப்பது பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கு ஊவா மாகாணம் முழுக்கப் பேர் வாங்கி, துரைமார்கூட ஆளனுப்பும் அளவுக்கு வந்துவிட்டது. கந்தப்பன் அவர் கடையில் கண்ணாடி துடைப்பவன். கொஸ்லந்தைத் தோட்டத்தில் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பேய், முனி, பொலிஸ், பல் பிடுங்குகிற வைத்தியர் எல்லாவற்றுக்கும் பயப்படுவான். பயம் வந்தால் அவனுக்கு வாய் நீளும். அன்று காலையிலிருந்து அந்த வாய் ஓயவே இல்லை.

ராமாமிர்தம் பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் மேல் வெங்காயச் சருகு போல மெலிதாகச் சீவிய ஒரு கல் ஒட்டியிருந்தது. கந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாருடா. இது செடி. மனுஷன், மாடு, காக்கா எதுவும் பூமியில இல்லாத காலத்துச் செடி. பக்கத்துல ஒரு வெந்நீர் ஊத்து கொதிச்சுப் பொங்கியிருக்கு. அந்தத் தண்ணியில கரைஞ்சிருந்த கல்லுச் சத்து செடிக்குள்ள எறங்கி, அப்படியே கல்லாக்கிடுச்சு. வேரும் அதுக்குள்ள இருந்த பூசணமும் இருந்த எடத்துலயே இருக்கு."

"பூசணமும் கல்லாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்ப செத்துருச்சுதானே?"

"கல்லு சாகுமாடா?"

"அதைத்தான் மொதலாளி நானும் கேக்குறேன்" என்றான் கந்தப்பன்.

அந்தக் கல்லைச் சீமையிலிருந்து கொண்டுவந்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். உடம்புக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, செடி கொடிகளைப் படித்தவர். தேயிலை வேருக்குள்ளும் அப்படி ஒரு பூசணம் குடியிருக்கிறதா என்று பார்க்க நமுனுகுல மலையில் ஊசிமலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் வந்து தங்கினார். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்துக்கொண்டு கல்லையே பார்த்ததால் தோட்டத்தில் அவருக்குக் கல்லுத் துரை என்று பேர் விழுந்தது.

அவர் வந்த கொஞ்ச நாளில் பங்களாவுக்குப் பின்னால் தேயிலை பட்டுப்போக ஆரம்பித்தது. பிறகு கல்லுத் துரையே குழாயின் முன்னால் மயங்கி விழுந்தார். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் அது மலைக்காய்ச்சல் என்றார்கள். அதை ஊசிமலையில் ஒருவரும் நம்பவில்லை. கல்லுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது விழித்துவிட்டது, தேயிலையைத் தின்றுவிட்டு மனுஷனுக்கு வந்திருக்கிறது என்றார்கள். அதற்குப் பேரும் இருந்தது. கூட்டாளி.

பங்களாவில் வேலை செய்த பெரியாயி என்ற பெண்தான் அந்தக் கல்லுக் கண்ணாடிகளைத் துடைத்து வைத்தவள். கூட்டாளி அவள் உடம்பில் ஏறிவிட்டான் என்று சொல்லி அவளையும் அவள் மகளையும் லயத்தில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். இன்று பொழுது சாய்வதற்குள் பெரியாயியை என்ன செய்யப் போகிறார்களோ தெரியாது என்று லொறிக்காரன் சொன்னான். கல்லுக் கண்ணாடியோடு முன்னால் ஏறக்கூடாது என்று இவர்களைப் பின்னால் காலித் தேயிலைப் பெட்டிகளின் மேல் உட்கார வைத்ததும் அவன்தான்.

"காய்ச்சல் கொறைஞ்ச நேரத்துல கல்லுத் துரைகிட்ட நேத்து பேசினேன், இந்தக் கண்ணாடியும் அவர் குடுத்ததுதான். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்" என்றார் ராமாமிர்தம். "இந்தப் பூசணம் வேரைக் கொல்றதில்லையாம். மண்ணுல இருக்கிற சத்தை வேருக்கு ஊட்டுமாம், செடி அதுக்குப் பதிலா இதுக்குச் சாப்பாடு குடுக்குமாம். 'வேருக்குள்ள கூட்டாளி'ன்னு சொல்லிச் சிரிச்சார்."

"சிரிச்சாரா? அப்ப நெசமாவே ஏறிருச்சு" என்றான் கந்தப்பன்.

*

தோட்டத்து எல்லையில் லொறி நின்றது. இதற்கு மேல் வரமாட்டேன் என்று லொறிக்காரன் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டான். இருவரும் நடந்தார்கள்.

மதியம் தாண்டியிருந்தது. மலையில் ஒரு கூடை இல்லை, ஒரு தலை இல்லை. கொழுந்து எடுப்பாரில்லாமல் முற்றி நின்றது. லயத்துக் கதவுகள் எல்லாவற்றிலும் வேப்பிலை செருகியிருந்தது. கதவிடுக்குகளில் கண்கள் தெரிந்தன. நாய்கள்கூடக் குரைக்கவில்லை. லயத்தில் பிறந்த கந்தப்பனுக்குத் தெரியும், இவ்வளவு சனம் இருக்கிற இடத்தில் சத்தமில்லை என்றால் அது நல்லதற்கல்ல.

பெரிய கங்காணி கணபதி வழியில் எதிர்ப்பட்டார். தடித்த ஆள், கோட்டும் தலைப்பாகையும் அணிந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. பத்தடி தள்ளியே நின்றுகொண்டார்.

"வாங்க ஐயா. தோட்டத்துப் பெரிய தொரை ஒங்களைக் கூப்பிட்டாராம். யாரோ வேணும்னே செடியக் கொல்றான், அவனைக் கண்டுபிடிச்சா ஜெயில்ல போடுவேன்னு சொல்றாரு. மனுஷன் செய்ற வேலையா ஐயா இது? காலையில பெரட்டுக் களத்துல பேர் குடுக்க ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். நாங்க ஒரு முடிவு பண்ணிட்டோம்."

"என்ன முடிவு?"

கங்காணி கடைசி லயத்தின் பக்கம் பார்த்தார். அந்த லயத்தின் கோடியிலிருந்த ஒற்றை அறைக் காம்பராவைச் சுற்றிக் காய்ந்த மானாப்புல் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. வாசலில் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று. பூட்டிய கதவுக்கு உள்ளே யாரோ இருமினார்கள்.

அதுவரை கந்தப்பன் பயந்தது கல்லுக்கு. இப்போது அந்த அடுக்கின ஒழுங்கைப் பார்த்துப் பயந்தான். பொங்கலுக்கு விறகு அடுக்குவது போல அடுக்கியிருந்தார்கள்.

"பெரியாயி மக எங்க?" என்று ராமாமிர்தம் கேட்டார்.

"பாக்கியலெட்சுமியா? பக்கத்துக் காம்பராவுல. தனியாப் பூட்டச் சொல்லி அவளே அழுதா. அம்மாகூட இருக்க மாட்டேன்னுட்டா." கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் புள்ளையை என் தம்பிக்குப் பேசி வச்சிருந்தேன் ஐயா. பொண்டாட்டி செத்தவன், பாவம். தையில கல்யாணம். இனி எங்க?"

"கூட்டாளிங்கிற பேரை ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாகளே."

"மொதல்ல யாரு?"

கங்காணி யோசித்தார். "அந்தப் புள்ளைதான் அழுதுக்கிட்டுச் சொல்லுச்சு. வேருக்குள்ள கூட்டாளி இருக்கான், ராத்திரி மண்ணுக்குள்ளயே நடந்து வர்றான்னு."

ராமாமிர்தம் தலையை ஆட்டினார். "செடியைப் பாத்துட்டு வந்துடுறோம். அதுவரைக்கும் தீக்குச்சியை எடுக்காதீங்க."

"இருட்டுறதுக்குள்ள வந்துருங்க" என்றார் கங்காணி. "இருட்டினப்புறம் அவன் நடப்பான்."

*

பங்களாவுக்குப் பின்புறம் மலைச் சரிவில் தேயிலை திட்டுத் திட்டாகப் பட்டு நின்றது. இலைகள் உதிராமல் செடியிலேயே கருகித் தொங்கின. மூடுபனி மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது.

"வேர்ப்பூசணம் எப்படிப் போகும்? நீதான் லயத்துக்காரனாச்சே" என்றார் ராமாமிர்தம்.

"வேரோட வேர் தொட்டுத் தொட்டுப் போகும் மொதலாளி. அதான் சுத்தி ஆழமா வாய்க்கா மாதிரி கான் வெட்டுவாக. கானைத் தாண்டாது."

"இது தாண்டியிருக்கே."

தாண்டித்தான் இருந்தது. புதிதாக வெட்டிய கானுக்கு இந்தப் பக்கம் ஐந்தாறு செடி, அந்தப் பக்கம் ஐந்தாறு செடி. நடுவில் பச்சை. மறுபடி ஒரு திட்டு.

"அதான் பேயின்னு சொல்றாக" என்றான் கந்தப்பன்.

"கானைத் தாண்டணும்னா கால் வேணும்டா. கல்லுல இருக்கிறதுக்குக் கால் கெடையாது, நான் லென்ஸ் வச்சுப் பாத்துட்டேன். அந்தச் செடியைப் பிடுங்கு."

"நானா?"

"எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு."

"எனக்கு உசுரு பிடிச்சிருக்கு மொதலாளி."

ஆனாலும் பிடுங்கினான். கண்ணை மூடிக்கொண்டு, மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டு, மண்ணைத் தோண்டித் தூரைப் பிடித்து அசைத்தான். வேரின் தோல் மொத்தமாகக் கழன்று அவன் கையோடு வந்துவிட்டது. கந்தப்பன் அலறி அதை வீசியெறிந்தான்.

ராமாமிர்தம் பொறுமையாக அதை எடுத்து வந்தார். தோலுக்கும் கட்டைக்கும் நடுவே லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"பூசணம் பிடிச்ச வேர்ன்னா இந்த எடத்துல வெள்ளையா நூல் நூலா ஓடியிருக்கும். ஒண்ணும் இல்ல. நாத்தமும் இல்ல. இந்தத் தோல் எப்படிக் கழண்டுச்சுன்னு பாத்தியா? அவிச்ச மரவள்ளிக் கெழங்கு மாதிரி." குழிக்குள் கையை விட்டு ஒரு மண்புழுவை எடுத்தார். அது வெளுத்து விறைத்துக் கிடந்தது. "கந்தப்பா, இது செத்த வேர் இல்ல. வெந்த வேர்."

கந்தப்பன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"யாரோ ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பக் கொதிக்கிற தண்ணியை ஊத்தியிருக்காங்க. நல்லாப் பாரு, பட்ட செடி எல்லாம் பங்களா பின்கட்டுப் பக்கம்தான். அதோ அந்தக் கல்லுப் படியைத் தாண்டி ஒண்ணுகூட இல்ல. ஏன் தெரியுமா? அதுக்கு மேல தூக்கிட்டு வந்தா தண்ணி ஆறிப்போயிடும்."

பயத்தின் நடுவிலும் கந்தப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "சூடு ஆறினா நடக்கமாட்டாத பேயா? சரியான துரைவீட்டுப் பேய் மொதலாளி."

"துரைவீட்டுலதான் தெனமும் விடியக்காலையில பெரிய அண்டாவுல குளிக்கத் தண்ணி கொதிக்கும். லயத்துல யாருக்கு அவ்வளவு வெறகு இருக்கு?"

"அப்ப கங்காணி ஆளை வச்சு..."

"கங்காணி தம்பிக்குப் பொண்ணு வேணும். தையில தம்பி கல்யாணத்தை வச்சிருக்கிறவன் அவன் மாமியாரைப் பேயாக்குவானா? அந்த ஆள் நெசமாவே நடுங்குறான், கவனிக்கலையா நீ? கூட்டாளின்னு ஒரு பேயைக் கேள்விப்பட்டிருக்கியா? முனிக்குப் பேர் வைப்பான், காட்டேறிக்குப் பேர் வைப்பான். எவனாவது பேய்க்குச் சிநேகிதன்னு பேர் வைப்பானா? அது கல்லுத் துரை வாயிலேருந்து வந்த வார்த்தை. அவர் குழாயில கண்ணை வச்சுக்கிட்டுப் பேசினப்ப பக்கத்துல நின்னு கேட்டது யாரு? வெந்நீர் ஊத்துக் கதையைக் கேட்டது யாரு? அந்த அண்டாவுல தண்ணி காய்ச்சுறது யாரு?"

கந்தப்பன் கையிலிருந்த மண்ணைத் துடைப்பதை நிறுத்தினான். கோடி லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மூடுபனியில் லயம் பாதி மறைந்துவிட்டிருந்தது.

*

பெரியாயியைப் பூட்டிய காம்பராவின் பின்சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதில் கம்பி போட்டிருந்தது. ராமாமிர்தம் அதன் கீழே போய் நின்றார். கந்தப்பன் அவர் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெந்நீர் என்று புத்திக்குப் புரிந்துவிட்டது, கால்களுக்குத்தான் இன்னும் புரியவில்லை.

"பெரியாயி, வெந்த வேரைப் பாத்துட்டேன்மா" என்றார் ராமாமிர்தம் மெதுவாக.

கம்பிக்குப் பின்னால் ஒரு முகம் வந்தது. கன்னம் ஒட்டிய முகம், நாற்பதைத் தாண்டாது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"தொரைகிட்ட சொல்லிட்டீங்களா ஐயா?"

"இன்னும் இல்ல. ஏன் இப்படிப் பண்ணின?"

"கங்காணி தம்பிக்கு மொதப் பொண்டாட்டி எப்படிச் செத்தான்னு இந்த லயத்துல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயத் தொறக்கமாட்டாக. நாந்தான் ஐயா அவளைக் குளிப்பாட்டுனேன், ஒடம்பைப் பாத்தேன்." அவள் கம்பியைப் பற்றிக்கொண்டாள். "பெரிய கங்காணி பொண்ணு கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா? ஓடுனா ஆள்விட்டுப் பிடிச்சுக்கிட்டு வருவாக. அவுகளாவே எங்களைத் தொரத்தணும், திரும்பிப் பாக்கவே பயப்படணும். கல்லுத் தொரை வேருக்குள்ள கூட்டாளின்னு சொன்னாரு. நல்லதுதான்னு சொன்னாரு ஐயா, நான்தான் அதைக் கெட்டதாக்கிட்டேன்."

"கல்லுத் துரை விழுந்தது?"

"சத்தியமா நான் ஒண்ணும் செய்யல! அவருக்குக் காய்ச்சல் வரும்னு நான் கண்டேனா? நாலு செடி பட்டா வெளியில போ, போன்னு தள்ளுவாகன்னு நெனச்சேன். அவரு விழுந்தப்புறம் சனம் வேற மாதிரி ஆயிப்போச்சு. இப்ப நெசத்தைச் சொன்னாலும் நம்பமாட்டாக."

"ஒன் மகளுக்கு இது தெரியுமா?" கேட்டது கந்தப்பன். அவனுக்கே தன் குரல் ஆச்சரியமாக இருந்தது.

பெரியாயி முகம் கோணியது. "தெரியாது. கூட்டாளின்னு சொல்லி நான்தான் அதைப் பயங்காட்டுனேன், அதுக்குப் பயந்த மாதிரி நடிக்கத் தெரியாது தம்பி. நெசமாப் பயந்தாத்தான் ஊரு நம்பும். ராத்திரி சுவத்தைத் தட்டிக் கூப்பிட்டேன். பேசாதே போயிருன்னு கத்துது."

ராமாமிர்தம் ஜன்னலை விட்டு நகர்ந்து, சுவரில் சாய்ந்து நின்றார். எந்த வழக்கிலும் கண்டுபிடித்த பிறகு அவர் முகத்தில் ஒரு குளிர்ச்சி வரும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இன்று கழற்றவில்லை.

"உண்மையைச் சொன்னா துரை இவளை ஜெயிலுக்கு அனுப்புவார். பொண்ணு கங்காணி தம்பிக்குப் போகும். சொல்லாட்டி..." மானாப்புல்லைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தோணலடா கந்தப்பா."

முதலாளிக்கு ஒன்றும் தோன்றாமல் போனது இதுதான் முதல் தடவை. அன்றைக்குப் பார்த்த எல்லாவற்றிலும் அதுதான் கந்தப்பனை அதிகமாகப் பயமுறுத்தியது.

முன்பக்கம் தப்பு மேளச் சத்தம் கேட்டது. சனம் வெளியே வந்துவிட்டது.

*

இருட்ட இன்னும் நேரம் இருந்தது. ஆனால் மூடுபனி இருட்டைப் போலவே வந்து அடைத்துவிட்டது. ஆணும் பெண்ணுமாகத் தோட்டமே கோடி லயத்து வாசலில் நின்றது. ஒருவர் முகத்தையும் ஒருவர் பார்க்கவில்லை. கங்காணி கையில் பந்தம். தூரத்தில் பங்களா வராந்தாவில் பெரிய துரை துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இந்தப் பக்கமே திரும்பவில்லை.

கந்தப்பன் போய் பந்தத்துக்கு முன்னால் நின்றான். எப்படிப் போனான் என்று பிறகு கேட்டால் சொல்லத் தெரியாது.

"எரிக்கப் போறீங்களா? எரிங்க, எரிங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

கூட்டத்தில் ஒருவன் தன்னையறியாமல் நிமிர்ந்து பந்தத்தின் புகையைப் பார்த்தான். புகை அவர்கள் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"பூசணம்னா என்ன? தூள். பழைய ரொட்டியைத் தட்டுனா பறக்குமே, அந்தத் தூள். அவ ஒடம்புக்குள்ள இருக்கிறவரைக்கும் அது ஒரே எடத்துல இருக்கு. எரிச்சா புகையில ஏறிக்கும். மூச்சு விடாம இருக்கிறவன் யாரு இங்க? கையைத் தூக்கு, பாப்போம்!"

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இவன் கடைக்காரப் பய, இவனுக்கு என்ன தெரியும்?" என்றார் கங்காணி. ஆனால் பந்தத்தைத் தாழ்த்திவிட்டார். "ஐயா, நீங்க சொல்லுங்க. படிச்சவுக."

எல்லோரும் ராமாமிர்தத்தைப் பார்த்தார்கள். பேய் இல்லை, பிசாசு இல்லை என்று ஊவா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன். அந்தப் பேருக்காகத்தான் துரையே அவரைக் கூப்பிட்டிருந்தார்.

ராமாமிர்தம் பையிலிருந்து கல்லுக் கண்ணாடியை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தார். சனம் அலை போலப் பின்னால் போயிற்று.

"கல்லுத் துரையை நேத்து நான் கண்ணால பாத்தேன்" என்றார் கணீரென்று. "இந்தக் கந்தப்பன் சொன்னதுல தப்பே இல்ல. வேரைப் பிடுங்கிப் பாத்தேன், தோல் தானாக் கழண்டு வருது. என் வாழ்நாள்ல அப்படிப் பாத்ததில்ல. எரிக்கக் கூடாது. தொடவும் கூடாது. வந்த கல்லோட வந்த வழியே கடல் தாண்டி அனுப்பணும். நாங்க ரயில்ல ஏத்தி அனுப்புறோம். அவ பெத்தது ஒண்ணு இருந்தா அதுவும் போகணும். ரத்தம் ஒண்ணுதானே!"

கங்காணி உடனே தலையாட்டினார். அந்த வேகத்தில் ஒரு விடுதலை இருந்தது. "அந்தப் புள்ளையையும் கூட்டிட்டுப் போயிருங்க ஐயா. என் தம்பி வாசல்ல அது நெழலு விழக்கூடாது. போனது போனதாவே இருக்கட்டும்."

பூட்டைத் திறக்க ஒருவரும் வரவில்லை. சாவியைத் தூக்கி மண்ணில் எறிந்தார்கள். கந்தப்பன்தான் எடுத்துத் திறந்தான்.

போகிற வழியில் ராமாமிர்தம் பங்களா வராந்தாவுக்குப் போய், யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று துரையிடம் சொல்லிவிட்டு வந்தார். துரை என்னவோ சொல்லிக் காறித் துப்பினார். "பதுளை பூரா இனிச் சிரிக்கும்" என்றார் ராமாமிர்தம் வேறு எதையும் சொல்லாமல்.

*

லொறிக்காரன் ஏற்ற மாட்டான் என்று தெரியும். எல்லைக் கல்லைத் தாண்டி ரோட்டோரமாகவே இறங்கினார்கள். முன்னால் பெரியாயி, அடுத்து ராமாமிர்தமும் கந்தப்பனும். பாக்கியலெட்சுமி வெகுதூரம் பின்னால் வந்தாள். பதினைந்து வயதிருக்கும். அம்மா நின்றால் நின்றாள். நடந்தால் நடந்தாள்.

தோட்டத்து வெளிச்சம் கண்ணை விட்டு மறைந்ததும் பெரியாயி திரும்பினாள். இதற்காகவே அவ்வளவு தூரம் வாயைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று கந்தப்பனுக்குத் தெரிந்தது.

"பாக்கியம்! ஒண்ணும் இல்லடி. பேயும் இல்ல, கூட்டாளியும் இல்ல. அம்மாதான் வெந்நி ஊத்துனேன். ஒன்னைய அவன்கிட்ட குடுக்கக் கூடாதுன்னுதான்டி. வாடி, இங்க வா."

அவள் கையை நீட்டிக்கொண்டு இரண்டடி எடுத்து வைத்தாள். பெண் கத்திக்கொண்டு ரோட்டின் மறு ஓரத்துக்குப் போனாள். அங்கே பள்ளம்.

"வராதே! நீ பேசல. அது பேசுது. எங்கம்மா குரல்ல அது பேசுது!"

பெரியாயி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். நீட்டின கை நீட்டினபடி இருந்தது. மானாப்புல்லைச் சுற்றிலும் அடுக்கியபோதுகூட அவள் முகத்தில் இந்தப் பயம் வந்திருக்காது என்று கந்தப்பன் நினைத்தான். பெண்ணைக் காப்பாற்றிவிட்டாள், பெண் போய்விட்டாள்.

"அசையாதீங்கக்கா. அவ பின்னால இன்னொரு அடி வச்சா விழுந்துருவா" என்றான் மெதுவாக. பிறகு சத்தமாக, "அக்கா, பசிக்குது. ஒங்க மடியில என்ன இருக்கு?" என்று கேட்டான்.

பெரியாயி புரியாமல் மடியை அவிழ்த்தாள். காய்ந்த ரொட்டி ஒன்று இருந்தது. காலையில் பக்கத்துக் காம்பராக்காரி குச்சியில் குத்தி ஜன்னல் வழியாக நீட்டியது. அவள் தின்னவே இல்லை.

"ஒங்க கையாலயே பிச்சுக் குடுங்க."

அவள் பிய்த்துக் கொடுத்தாள். அவள் விரல் அவன் விரலில் பட்டது. எல்லாம் தெரிந்தவன்தான் கந்தப்பன். வெந்த வேரைக் கையில் பிடித்துப் பார்த்தவன். இருந்தாலும் அந்த ரொட்டி வாய்க்குப் போகிறபோது மனசுக்குள் மாரியாத்தாளைக் கூப்பிட்டான். லயத்தில் பிறந்த பயம் அவ்வளவு லேசில் போகுமா? மென்றான். தேங்காயும் உப்பும் போட்ட சாதாரண ரொட்டிதான். விழுங்கினான்.

பாக்கியலெட்சுமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாவதற்காகக் காத்திருந்தாள்.

கந்தப்பன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தான். ராமாமிர்தமும் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியாயி நின்றுகொண்டே இருந்தாள். மூடுபனி கலைந்து, கீழே பசறைக் கடைகளில் விளக்கு ஏற்றுவது தெரிந்தது.

"இன்னும் சாகல புள்ள" என்றான் கந்தப்பன். "உப்புத்தான் கொஞ்சம் கம்மி. அதுக்கெல்லாம் ஆள் சாகாது."

அவள் ஓரத்தை விட்டு ஒரு அடி வந்தாள். நின்றாள். இன்னொரு அடி வந்தாள். அம்மாவைப் பார்க்காமல் அவனுக்கு எதிரே வந்து கையை நீட்டினாள். கந்தப்பன் தன் கையில் மிச்சமிருந்த ரொட்டியைக் கொடுத்தான். அதை முகர்ந்து பார்த்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயில் போட்டாள்.

அவள் மென்று விழுங்குகிறவரைக்கும் பெரியாயி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் ரோட்டில் உட்கார்ந்து அழுதாள்.